கடற்கோட்டையில் ஒரு கொலை விளையாட்டு

ஹரோவிலிருந்து என் மருமகள் அனுப்பிய மின்னஞ்சலில் மூன்று வரிகள்தாம் இருந்தன. பாடசாலை விடுமுறைக்குக் குடும்பமாக வருகிறார்கள். ஊர்காவற்றுறைக் கடலுக்குள் இருக்கும் கோட்டை விடுதியில் ஓர் இரவு தங்கப் போகிறார்கள். மாமாவும் கூட வரவேண்டும். அடியில் ஒரு குறிப்பு: "கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற விளையாட்டுப் பெட்டி ஒண்டும் கொண்டுவாறம். நீங்கள் பேப்பர்காரர்தானே, உங்களுக்குப் பிடிக்கும்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவனுக்குக் கொலை பிடிக்கும் என்று அவள் ஏன் நினைத்தாள் என்று முதலில் சற்றுக் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தேன். கொலைச் செய்தி உள்ள நாளில் எங்கள் பத்திரிகை கூடுதலாக விற்றது. அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பழைய மாளிகைகளையும் நூற்றாண்டு கண்ட சத்திரங்களையும் இன்று தங்குவிடுதிகளாக மாற்றி வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் விருந்தினர் வந்து சேருவார்கள். ஒருவருக்குப் பிரபு வேடம், இன்னொருவருக்குச் சமையற்காரி வேடம். இரவு விருந்தின் நடுவே எவராவது ஒருவர் 'இறந்து' விழுவார். மற்றவர்கள் தடயம் தேடி, ஒருவரை ஒருவர் குறுக்கு விசாரணை செய்து, கொலையாளி யார் என்று ஊகிக்க வேண்டும். விடை ஓர் உறையில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். காலை உணவுக்கு முன்னரே உறை பிரிக்கப்பட்டுவிடும். இறந்தவரும் எழுந்து வந்து பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொள்வார்.

இதற்கெல்லாம் மூலமுதல்வி அகதா கிறிஸ்டி. 1926 டிசம்பரில் அவரே 11 நாட்கள் காணாமற்போய், நாடே தேடி, கடைசியில் ஹரோகேட் நகரின் ஒரு விடுதியில் வேறு பெயரில் தங்கியிருக்கக் கண்டுபிடிக்கப்பட்டார். அவருடைய 'எலிப்பொறி' நாடகம் 1952 நவம்பர் 25 அன்று லண்டனில் மேடையேறியது. கொரோனாக் காலத்தில் அரங்கு மூடப்பட்டதைத் தவிர இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், கொலையாளி யாரென்று வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்வார்கள். விடை தெரிந்த பின் அதைக் காப்பாற்றித் தரும்படி மக்களைக் கேட்கும் ஒரு சமூகம்! எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அமெரிக்கர்கள் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஃபோல் ரிவர் என்னும் ஊரில் 1892 ஆகஸ்ட் 4 அன்று ஆண்ட்ரூ போர்டன் என்பவரும் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் தங்கள் வீட்டிலேயே கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டனர். மகள் லிசி மீது வழக்கு நடந்தது. மறு ஆண்டே விடுதலையானார். வேறெவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. அந்த வீடு 1996 முதல் படுக்கையும் காலை உணவும் தரும் விடுதி. ஆபியின் உடல் கிடந்த அறையிலேயே காசு கொடுத்துத் தூங்கலாம்.

இதையெல்லாம் வக்கிரம் என்று எழுதியிருக்கக்கூடியவன்தான் நான், இருபது ஆண்டுகளுக்கு முன்னர். இப்போது அப்படித் தோன்றவில்லை. 130 ஆண்டுகள் கடந்துவிட்டன. போர்டன் குடும்பத்துக்காக வாசற்படியில் காத்திருக்கும் தாய் எவளும் இன்று இல்லை. கொலை விளையாட்டாக மாறுவதற்கு அந்த அளவு காலமாவது தேவைப்படுகிறது போலும்.

இனி எங்கள் கோட்டைக்கு வருகிறேன். ஊர்காவற்றுறைத் துறையடியில் நின்று காரைநகர்ப் பக்கம் பார்த்தால், நீருக்குள்ளிருந்து முளைத்தது போலத் தெரிவது அதுதான். எங்களுக்குக் கடற்கோட்டை, ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்ததாம். அதன் குதிகால் இந்த இடம். முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கீசர். யானைகளைக் கப்பலேற்றிய துறை இது; அதற்குக் காவல் வேண்டியிருந்தது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, சுற்றிலும் கடல் இருந்தும் குடிக்க நீரில்லாமல் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சிறைக்கூடம், பின்னர் தொற்றுநோயாளர் மருத்துவமனை. 1971 கிளர்ச்சிக்குப் பின் தெற்கின் இளைஞர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். போர் முடிந்த பின்னர் இலங்கைக் கடற்படை அதை விடுதியாக்கியது. பழைய சிறை அறைகளில் இன்று குளிரூட்டியும் மெத்தையும் உண்டு.

போவதா, விடுவதா என்று நான் ஒரு கிழமை குழம்பினேன். கடற்படையின் விடுதியில் காசு கொடுத்துப் படுப்பதை என் நண்பர்கள் பலர் ஏற்கமாட்டார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய வாதம் இல்லை. ஆனால் கோட்டை கடற்படையின் பாட்டன் சொத்தன்று. அது எங்கள் கடலில் நிற்கிறது. நாங்கள் போகாவிட்டால் அதைப் பற்றிப் பேசும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். (அக்காவின் பேரனைக் காணும் ஆசையும் ஒரு காரணம். அதை மறைப்பானேன்?)

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வானில் போனோம். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, நாரந்தனை, கரம்பொன். மருமகள் வழியெல்லாம் பனைகளையும் நாரைகளையும் படம் பிடித்தாள். நான் வாய் திறக்கவில்லை. ஊர்காவற்றுறையில் வானை அனுப்பிவிட்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் பொதிகளோடு ஏறிக் காரைநகர்க் கரைக்குப் போய், அங்கிருந்து கோட்டைக்குச் சென்றோம். பணியாட்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் போர் முடிந்தபோது பாலர் வகுப்பில் இருந்திருக்கக்கூடிய வயதினர். அவர்களிடம் எனக்கு ஒரு கணக்கும் இல்லை.

இரவு உணவுக்குப் பின் மருமகள் பெட்டியைத் திறந்தாள். பிரபு ஒருவர் நூலகத்தில் நஞ்சுண்டு கிடக்கிறார். எனக்குத் தோட்டக்காரர் வேடம். அவளுடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது, அவன்தான் துப்பறிவாளன். நல்ல கெட்டிக்காரன். அரைமணி நேரத்தில் என்னை இரண்டு பொய்களில் பிடித்துவிட்டான். மேசை நடுவில் சிவப்பு அரக்கு முத்திரை அச்சடித்த உறை. வெளியே அலை மதிலில் வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. எனக்கும் விளையாட்டுப் பிடித்துப்போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திடீரென்று அவன் கேட்டான்: "தாத்தா, இஞ்சை உண்மையாவே ஆரும் கொலை செய்யப்பட்டவையோ?"

நான் அவனுக்கு 1992 ஆகஸ்ட் 8ஐச் சொன்னேன். கிறிஸ்டியின் கதைக்கு மிக அருகில் வருவது அதுதான். ஊர்காவற்றுறைத் தீவின் அராலித்துறை முனை, ஆளில்லாத வெளி. யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் நடவடிக்கைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும், விஜய விமலரத்ன, மொகான் ஜயமகா உள்ளிட்ட உயர் அதிகாரிகளும் அங்கே வருகிறார்கள். வாகனம் வெடித்துச் சிதறுகிறது. வடபகுதிப் படை நடவடிக்கையின் தலைமை ஒரே நொடியில் இல்லாமற் போகிறது. புலிகள் புதைத்த வெடி என்றது ஒரு தரப்பு. கொழும்பிலேயே தீட்டப்பட்ட சதி என்றது இன்னொரு தரப்பு. இறுதிச் சடங்கில் அரசுக்கு எதிராகக் கலவரமே மூண்டது. பின்னாளில் அமைந்த ஆணைக்குழு, அதற்குள் தானும் கொல்லப்பட்டிருந்த ஜனாதிபதி பிரேமதாசவை நோக்கி விரலை நீட்டியது.

பையன் கண்களை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "பேந்து? ஆர் செய்தது?"

"அதுதான் சொன்னேனே, இரண்டு விதமாகச் சொல்லுகினம்."

"இல்லை, உண்மையா ஆர் செய்தது?" அவன் பார்வை மேசையில் கிடந்த உறைக்குப் போயிற்று.

குமுதினியை அவனுக்கு நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுக்கு அது ஆகாது. ஆனால் உங்களுக்குச் சொல்லலாம்; பலருக்குத் தெரிந்ததுதான். 1985 மே 15 காலை, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, கடற்படைச் சீருடையில் வந்தவர்கள் ஏறினார்கள். பயணிகளை ஒவ்வொருவராக அழைத்துப் பெயரையும் ஊரையும் உரத்துச் சொல்லச் செய்தார்கள் என்று உயிர் தப்பியோர் சாட்சியம் சொன்னார்கள். அடுத்தவருக்கு அலறல் கேட்காமல் இருக்கத்தான் அந்த உரத்த குரல். குழந்தைகள் உட்படப் பலர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பிணங்களோடு பிணமாகக் கிடந்து பிழைத்தவர்கள் இருந்தார்கள். ஆகவே சாட்சிகள் இருந்தார்கள். வழக்குத்தான் இல்லை.

2006 மே 13 இரவு, நாங்கள் வானில் கடந்து வந்த அல்லைப்பிட்டியிலும் அயலிலும் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நான்கு மாதக் குழந்தையும் அதில் அடக்கம். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவருடன் சென்ற ஒருவரும் கடற்படைச் சோதனைச் சாவடி ஒன்றைக் கடந்ததோடு காணாமற்போயினர். நாரந்தனையில் 2001 நவம்பர் 28 அன்று தேர்தல் பரப்புரைக்குச் சென்றவர்களைக் கும்பல் ஒன்று மறித்துத் தாக்கியது; இருவர் இறந்தார்கள். இத்தனையும் ஒரு மணி நேர வான் பயணத்துக்குள் அடங்கும் நிலம்.

வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும்: ஒன்றுக்குமே விடை கிடைக்கவில்லையா? கிடைத்ததும் உண்டு. 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்குப் போன மாணவி கொல்லப்பட்டபோது ஊரே வீதிக்கு வந்தது. வடக்கு முழுவதும் கடையடைத்தது. ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றில் தொடங்கிய வழக்கு, மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயத்துக்குப் போய், 2017 செப்டெம்பர் 27 அன்று எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இதே தீவுகள்தாம், இதே பொலிஸ்தான். முடியும் என்பதற்கு அந்த வழக்கே சாட்சி. கொன்றவர் சீருடை அணிந்திருந்தாலோ, சீருடையின் நிழலில் நின்றாலோதான் இந்த நாட்டில் எவருக்கும் துப்பறியத் தெரியாமற் போகிறது.

இனி நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

2000 ஒக்டோபர் 10 அன்று பொதுத்தேர்தல். தீவகத்தில் நடந்த வன்முறைகளையும் வாக்கு மோசடிகளையும் பி.பி.சி. தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் எழுதியவர் மயில்வாகனம் நிமலராஜன். ஒன்பது நாள் கழித்து, 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், இராணுவக் காவலரண்களுக்கு நடுவில் இருந்த அவர் வீட்டின் யன்னல் வழியாகச் சுட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே விழுந்தார். கைக்குண்டும் வீசப்பட்டு, வீட்டிலிருந்த பெற்றோரும் சிறுவன் ஒருவனும் காயமடைந்தனர். நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். மறுநாள் செய்தியைச் செப்பனிடும் வேலை என் மேசைக்கு வந்தது. நான் எழுதிய முதல் வரியில் 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்று இருந்தது.

அந்தச் சொற்றொடரை நான் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இனந்தெரியாத நபர்கள், இனந்தெரியாத ஆயுததாரிகள், வெள்ளை வானில் வந்த இனந்தெரியாதோர். சில தடவைகள் உண்மையிலேயே தெரியாது. பல தடவைகள் ஆசிரிய பீடத்தில் எல்லோருக்கும் தெரியும். தேநீர் கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். அரசுப் படை செய்தபோது மட்டும் அப்படி எழுதினோம் என்று சொன்னால் அது இன்னொரு பொய். இயக்கங்கள் செய்தபோதும் அதே சொல்லைத்தான் போட்டோம். எழுதியவன் வீடு திரும்ப வேண்டும், அச்சகம் எரியாமல் இருக்க வேண்டும். அதற்கான விலை அந்தச் சொல். நான் வருந்துகிறேன் என்று எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. சொல்லாமல் எழுதியதால் உயிரோடு இருக்கிறேன். சொல்லி எழுதியவர் மேசையில் விழுந்தார்.

அடுத்த நாள் திரும்பும் வழியில் நான் வாய் திறந்தேன். அராலித் துறைக்குப் பிரியும் வீதியில் வானை நிறுத்தச் சொன்னேன். அல்லைப்பிட்டியில் இறங்கித் தேவாலயத்தைக் காட்டினேன். நிமலராஜனைப் பற்றிச் சொன்னபோது மருமகள் அமைதியாக இருந்தாள். பின்னர் அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். 2021 மே மாதம் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப்போவதில்லை என்று யாழ்ப்பாண நீதிமன்றுக்கு அறிவித்தார், சந்தேகநபர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 2022 பெப்ரவரியில் லண்டன் மாநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவினர் இதே கொலை தொடர்பாக இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன்ஷயரில் ஒருவரைக் கைது செய்து விசாரித்தார்கள். அவர் பின்னர், விசாரணை தொடரும் நிலையில் விடுவிக்கப்பட்டார். தகவல் அறிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று பிரித்தானியாவில் வாழும் தமிழர்களை அந்தப் பொலிஸ் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது.

"நோர்தாம்ப்டனோ? எங்கடை வீட்டிலையிருந்து ஒரு மணித்தியாலம்தானே, மாமா" என்றாள்.

ஒரு மணித்தியாலம். கொலை நடந்த இடத்திலிருந்து எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், மருமகள் சனிக்கிழமைகளில் கடைக்குப் போகும் தூரத்தில் ஒரு பொலிஸ் பிரிவு இன்னும் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் தீவகத்தார் பலர் என்று எனக்குத் தெரியும். பாரிசில், ரொறன்ரோவில், லண்டனில், நோர்வேயில் இருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ இருந்த சிலருக்கு அன்று கண்டதும் கேட்டதும் மனத்தில் இருக்கும். அன்று சொல்லியிருந்தால் மறுநாள் விடிந்திருக்காது. இன்று நீங்கள் இருக்கும் ஊரில் விடியும்.

கோட்டையைப் பற்றி நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அதை மூடச் சொல்லவில்லை. அங்கே தங்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி தேநீர் குடிக்க அதைவிட நல்ல இடம் தீவகத்தில் இல்லை. ஆனால் சுற்றுலாக் கையேடுகளிலும் இணையத்திலும் அதைப் பற்றி வாசிப்பவருக்குக் கிடைப்பது ஒல்லாந்தரும் பன்றித் தொடையும் 1971இன் கைதிகளும். அதன்பின் ஒரேயடியாகத் தாவிக் குளிரூட்டிய அறை. நடுவில் உள்ள ஆண்டுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது போலிருக்கிறது. ரொபன் தீவில் மண்டேலா இருந்த சிறையைக் காட்டுவதற்கு அங்கே கைதிகளாக இருந்தவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். கேட்பவர் முகத்துக்கு நேரே, இதே அறையில் நான் இருந்தேன் என்று ஒருவர் சொல்வார். எங்கள் கடலிலும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். குமுதினியில் தப்பியவர்களில் எத்தனை பேர் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்கள்? அந்தக் கோட்டையில் ஓர் அறையை, ஒரே ஓர் அறையை, அவர்கள் கதைக்கு ஒதுக்கினால் கடற்படைக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறேன். கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். ஆனாலும் விருந்தினராகப் போகிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு போகிறவர்கள், கேட்கலாம். காசு கொடுத்தவன் கேள்விக்கு ஒரு பெறுமதி உண்டு.

பிரபுவுக்கு நஞ்சு வைத்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிரவு உறையைப் பிரிக்க எவருக்கும் நினைவு வரவில்லை. பெட்டி ஹரோவுக்குத் திரும்பிப் போயிற்று.

சென்ற வாரம் மருமகளிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல். அடுத்த ஆண்டும் வருகிறார்களாம். மகன், எங்கெங்கே போகவேண்டும் என்று தாத்தாவிடம் பட்டியல் கேட்கச் சொன்னானாம். எழுதி அனுப்பியிருக்கிறேன். நெடுந்தீவுக்குப் படகில் போவதை முதலாவதாகப் போட்டேன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயதாகியிருக்கும். கோட்டையையும் விட்டுவிடவில்லை.